சுருக்கறது வேற, குறைக்கறது வேற

ஆமா, நாந்தான் வச்சேன். நீங்க கை கழுவப் போனப்ப உங்க பைக்குள்ள தள்ளி ஜிப்ப இழுத்து விட்டேன். திரும்ப எடுத்து மேசைல வைக்காதீங்க மாப்பிள்ள. அந்த ஹார்ட் டிஸ்க் எனக்கு வேணாம். போறப்ப எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க மாமா கேட்டா, அத்தை வேணாம்னுட்டாங்கன்னு சொல்லிடுங்க. உங்களத் திட்டமாட்டாரு. திட்டெல்லாம் எனக்குத்தான் ஒதுக்கி வச்சிருக்காரு.

சேச்சே, கோவம்லாம் இல்ல. கோவமா இருந்தா காப்பி குடுத்திருப்பேனா? உக்காருங்க. அங்க இல்ல, அது மடிக்காத துணி போடற நாற்காலி. இதுல உக்காருங்க. தரையில ரெண்டு துண்டு டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க, முன்னங்கால் ரெண்டும் அதுமேல நிக்கணும். ம்... இன்னும் கொஞ்சம் பின்னால. அவ்ளோதான். ரெண்டு ஸ்பீக்கரும் இப்ப உங்க மூஞ்சியவே பாக்குதா? கூண்டுல ஏத்தின மாதிரி இருக்குல்ல? இருக்கட்டும், இருக்கட்டும்.

நாளைக்கு ஆஸ்பத்திரி விஷயமாத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். அதுக்குத்தானே உங்க மாமா பல்பு வாங்கணும்னு செருப்ப மாட்டிகிட்டு கெளம்பினாரு. அலமாரியில ஒரு பெட்டி நெறைய பல்பு இருக்கு. காலைல ஒண்ணும் சாப்பிடாம ரெடியா இருக்கணும், சில நாள் அங்கயே தங்கற மாதிரி துணி எடுத்து வைக்கணும், கேள்வி கேக்காம வண்டில ஏறணும். இதானே சொல்லி அனுப்பினாரு? பாத்தீங்களா, பொரையேறுது. மெதுவா குடிங்க. வருவேனா மாட்டேனான்னு கடைசியில சொல்றேன். மொதல்ல இந்த டிஸ்க் பஞ்சாயத்து முடியட்டும்.

ஆறாயிரம் பாட்டாம். அத்தனையும் லாஸ்லெஸ்ஸாம். முந்தாநாள் உங்க மாமா கொண்டாந்து என் கையில குடுத்தாரு. மிட்டாய் வாங்கிட்டு வந்த மாதிரி ஒரு சிரிப்பு வேற.

லாஸ்லெஸ்னா என்னன்னு உங்களுக்கு ஒழுங்கா யாரும் சொல்லியிருக்கமாட்டாங்க. எங்கம்மாவுக்குப் புடிச்ச கிறுக்குன்னு என் பொண்ணு சொல்லியிருப்பா. நான் சொல்றேன் கேளுங்க. நான் கோர்ட்ல என்ன வேலை பாத்தேன்? சுருக்கெழுத்து. ஜட்ஜ் ஐயா பேசுவாரு, வக்கீல் இழுப்பாரு, சாட்சி அழுதுகிட்டே மென்னு முழுங்குவான். நான் பாட்டுக்குக் கோடும் புள்ளியுமாப் போட்டுகிட்டே இருப்பேன். பாக்கறவனுக்குக் கோழி கெளறின மாதிரி தெரியும். ஒரு ஆளோட மொத்த சாட்சியமும் உள்ளங்கை அகலத்துல அடங்கிடும். ஆனா சாயந்தரம் டைப் மெஷின் முன்னால உக்காந்தா, சொன்ன வார்த்தை ஒண்ணு விடாம வெளிய வரும். அவன் தப்பா சொல்லியிருந்தா தப்பாவே வரும். பாதியில நிறுத்தியிருந்தா பாதியிலயே நிக்கும். அதான் மாப்பிள்ள லாஸ்லெஸ். எடத்த அடைக்காது, ஆனா ஒண்ணும் தொலையாது.

எம்.பி.த்ரீ அப்படி இல்ல. எங்க கோர்ட்ல ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தாரு. காலைலேர்ந்து உள்ள நின்னு எல்லாத்தையும் கேப்பாரு. வெளிய வேப்பமரத்தடியில கட்சிக்காரன் காத்துகிட்டு நிப்பான். இவரு போயி, ஒண்ணுமில்லப்பா, அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிருக்காங்க, போயிட்டு வான்னு அனுப்பிடுவாரு. பொய்யா? பொய் இல்ல. தள்ளி வச்சது நெசந்தான். ஆனா உள்ள நடந்தது அது மட்டுமா? இவனுக்கு இது போதும், மிச்சம் இவனுக்குப் புரியாதுன்னு அவரே முடிவு பண்ணி வெட்டிட்டாரு. எம்.பி.த்ரீயும் அதான் பண்ணுது. இந்தச் சத்தம் உன் காதுல விழாது, தூக்கிப் போடு. அந்தச் சத்தத்த இன்னொண்ணு மறைச்சிடும், அதையும் தூக்கிப் போடு. போட்டது போட்டதுதான், திரும்ப வராது. சுருக்கறது வேற, குறைக்கறது வேற.

தெரியும், தெரியும், அதுக்குத்தான் வருவீங்கன்னு தெரியும். அந்தப் பரீட்சை. நீங்க கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க. நாள் பூரா ஒரு கண்ண மூடி, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு வில்லைய மாத்தி மாத்திப் போடற ஆளு. முன்ன ஒரு தடவ வந்தப்ப அதே மாதிரி என்ன இதே நாற்காலில உக்கார வச்சு, கண்ணக் கட்டி, ஒரே பாட்ட மாத்தி மாத்திப் போட்டீங்க. அத்தை, இது தெளிவா, அது தெளிவா? நானும் நிமிந்து உக்காந்துகிட்டு இதுதான் லாஸ்லெஸ்னு அடிச்சுச் சொன்னேன். பாதிக்கு மேல தப்பு. உங்க மாமா தொடையத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. என் பொண்ணு அத வீடியோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டா. இன்னிக்கும் என் கொழுந்தன் போன் பண்ணா, அண்ணி கண்ணக் கட்டியாச்சான்னுதான் ஆரம்பிக்கறாரு.

சரி, கேக்கல. ஒத்துக்கறேன். என் வயசுக்கு அந்த மேல் கோடியில இருக்கற சன்னச் சத்தம்லாம் காதுல விழாது. அதனால? காதுல விழாததும் எனக்கு வேணும். என்னோடதுன்னா முழுசா எங்கிட்ட இருக்கணும். அதுல எவ்ளோ எனக்கு எட்டுதுங்கறது என் பாடு. உனக்கு இவ்ளோ போதும்மான்னு இன்னொருத்தர் முன்கூட்டியே அளந்து குடுக்கறது இருக்கு பாருங்க, அத நான் ஏத்துக்கமாட்டேன். இன்னொரு தடவ கண்ணக் கட்டுங்க, இன்னொரு தடவ தோக்கறேன். ஆனா வாங்கறப்ப முழுசாத்தான் வாங்குவேன்.

சிரிக்காதீங்க. வாங்கறதுன்னா சும்மா பட்டன அமுக்கறதுன்னு நெனச்சீங்களா? நல்லா அலையணும். ஒரே பாட்டு நாலு எடத்துல நாலு விதமா விப்பாங்க. இதோ, இந்த வயலின். இதையே எடுத்துக்குங்க. ஒரு எடத்துல பழைய டேப்புல இருந்ததை அப்படியே எடுத்தது. இன்னொரு எடத்துல புதுசா மெருகேத்தினதுன்னு போட்டு வெல கூட வச்சிருப்பான். மூணாவது எடத்துல தரம் ஒசத்தின்னு இன்னும் பெரிய நம்பர் போட்டு ரெட்டை வெல சொல்லுவான். நானும் மொதல்ல நம்பர் பெருசா இருந்தா ஒசத்தின்னு நெனச்சு ஏமாந்திருக்கேன். போட்டுப் பாத்தா எல்லாம் ஒரே சத்தம். மெருகேத்தறேன்னு மெதுவா வாசிச்ச எடத்தையும் கத்த விட்டிருக்கான். ரகசியம் பேசறவன்கிட்டயும் மைக்க நீட்டின மாதிரி. பழசுதான் நல்லது. அதுல மெதுவா இருந்தா மெதுவாவே இருக்கும். மாதிரிக்குக் கொஞ்சம் கேக்க விடுவாங்க, அத மெதுவான எடத்துல போய்க் கேக்கணும். சத்தமான எடத்துல எல்லாரும் யோக்கியன்தான்.

கேளுங்க, போடறேன்... இந்த எடம்... இப்ப. ஒரு கர்ருனு சத்தம் வந்துச்சா? நாற்காலி நகர்ந்தது. அந்தம்மா வாசிச்சுகிட்டே நகர்ந்து உக்காந்திருக்காங்க. மெருகேத்தினதுல அது இல்ல. அழிச்சிட்டாங்க. முதுகு வலிச்சிருக்கும், பாவம், நகர்ந்து உக்காந்தது கூடவா குத்தம்?

இது எங்க வாங்கினேன் தெரியுமா? ஒரு சின்னக் கம்பெனி. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு நடத்தறாங்க போல. வாங்கறதுக்கு முன்னால எழுதிக் கேட்டேன். இது எதுலேர்ந்து எடுத்தீங்க, முழுசா இருக்கான்னு கேட்டேன். பெரிய கம்பெனிக்காரன்லாம் இதுக்கு, தங்கள் ஆர்வத்துக்கு நன்றின்னு பதில் போட்டுட்டுப் போயிடுவான். இவங்க எழுதினாங்க. அம்மா, எங்ககிட்ட ஒரு டேப்புதான் இருக்கு, அதுல உஸ்ஸுனு ஒரு எரைச்சல் இருக்கும், ரெண்டாவது பகுதி கடைசியில டேப்பு நைஞ்சு போயி கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது, அத எங்களால ஒண்ணும் பண்ண முடியல, சம்மதம்னா வாங்குங்கன்னு. உடனே வாங்கிட்டேன். கொறைய முன்னாலயே சொல்லிட்டான்ல, அவன நம்பலாம். டேப்பு நைஞ்ச எடம் வந்தா நான் எழுந்திரிக்கமாட்டேன். அந்த நிசப்தத்தையும் உக்காந்து கேப்பேன். என்ன வரும்னு தெரிஞ்சுட்டா உக்காந்துக்கலாம் மாப்பிள்ள. அதுல பயமே கிடையாது.

உங்க மாமாவுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. உங்களுக்குத் தெரியுமே. காத்த காசு குடுத்து வாங்கற ஒரே பொம்பள நீதான்டி. இது அவரு தெனம் சொல்ற டயலாக். போன்ல சும்மா வர்ற பாட்டுக்கு எதுக்குக் காசு, வாங்கினா கையில ஒரு தட்டாவது இருக்கா, ஒரு அட்டையாவது இருக்கா, நீ செத்தா... ம், அப்படியும் சொல்லுவாரு, ஆமா... நீ செத்தா பேரீச்சம்பழக்காரன்கூட வாங்கமாட்டான். நான் சும்மா இருப்பனா? நீங்க மாடியில சேத்து வச்சிருக்கற பழைய குழாய எவன் வாங்குவான்னு கேப்பேன். அது ஒரு மணி நேரம் ஓடும். இந்த ரூம்ல நான் பாட்டு கேட்டுகிட்டிருந்தா வாசல்ல நின்னு லைட்ட அணைப்பாரு. பாட்டு கேக்க எதுக்குடி லைட்டு, காதுக்கா? சரியான கஞ்சன். ஆனா ஒண்ணு. அவரு சத்தம் போடறது இந்த வீட்டுக்கு ஒரு தாளம் மாதிரி. அது இல்லன்னா எனக்கு எந்த எடத்துல இருக்கோம்னே தெரியாது.

அந்தத் தாளம் போன வாரத்துலேர்ந்து நின்னு போச்சு.

கவனிச்சீங்களா? இல்ல, நீங்க எப்பவாவது வர்றவரு. நான் பாக்கறேன்ல. லைட்ட அணைக்கல. நான் அணைக்க மறந்துட்டு வந்தாக்கூட ஒண்ணும் சொல்லல. பழைய குழாயெல்லாம் அவராவே எடுத்துப் போட்டுட்டாரு. முந்தாநாள் இந்த டிஸ்க்க நீட்டி, என்ன வேணுமோ வாங்கிக்கோம்மா, யோசிக்காதன்னாரு. வாங்கிக்கோம்மாவா! எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாடி போடிதான். அன்னிக்குத்தான் மொதல் தடவையா ஒரு ‘ம்மா’. உங்க வீட்டுக்காரி போன் பண்ணா. மூக்கடைச்சுப் பேசினா. என்னடின்னா சளிங்கறா. சளிக்கு யாராவது அம்மா நீ சாப்பிட்டியாம்மான்னு நாலு தடவ கேப்பாங்களா?

சரி, டிஸ்க்குக்கு வர்றேன். அத கம்ப்யூட்டர்ல சொருகி பாட்ட போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. என் காதுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும், அதான் நீங்களே நிரூபிச்சிட்டீங்களே. ஆனா சத்தத்தப் படமாக் காட்டற ஒரு புரோகிராம் இருக்கு. அதுல போட்டுப் பாத்தேன். நெசமான லாஸ்லெஸ்னா மேல போகப் போக அப்படியே புகை மாதிரி கலைஞ்சு போகும். இதுல அப்படி இல்ல. ஒரு உசரம் வரைக்கும் இருக்கு, அதுக்கு மேல கத்தியால சீவின மாதிரி மொழுக்குன்னு ஒண்ணுமே இல்ல. அடுத்த பாட்டு, அதே உசரத்துல சீவல். அதுக்கடுத்தது, அதே. கண்ணுக்குப் பட்டதெல்லாம் போட்டுப் பாத்தேன். எவனோ ஒருத்தன் ஏற்கெனவே வெட்டின எம்.பி.த்ரீய எடுத்துப் பெரிய பெட்டில போட்டு, லாஸ்லெஸ்னு பேரு ஒட்டிட்டான். பெட்டி கனமா இருக்கும். உள்ள இருக்கறது பழைய கொறைதான். பேரு பெருசு, சைஸ் பெருசு, எது வேணுமோ அது மட்டும் இல்ல.

அவருக்குத் தெரியாது பாவம். கடைத்தெருவுல எவன்கிட்டயோ ஏமாந்திருக்காரு. பஸ் டிக்கெட்டுக்கு மிச்சம் சில்லறைய எண்ணிப் பாக்கற மனுஷன் யோசிக்காம காச நீட்டியிருக்காருன்னா, அவரு எந்த நெலைமையில போயி வாங்கியிருப்பாருன்னு நெனச்சேன். அத நெனச்சுத்தான் ராத்திரி தூக்கம் வரல. பாட்டுக்காக இல்ல.

இருங்க, எழுந்திரிக்காதீங்க. பாட்டு முடியல.

இன்னொண்ணு கேக்கறேன். உங்க கடைக்கு ஒரு அம்மா வர்றாங்க. ஒரு கண்ணுல பாப்பா சரியில்ல. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தம்மாவ வெளிய ஸ்டூல்ல உக்கார வச்சிட்டு, கூட வந்த புருஷன உள்ள கூப்பிட்டுச் சொல்லுவீங்களா? ஏன் சொல்லமாட்டீங்க? கண்ணு யாரோடது? ஹாங். அதத்தான் கேக்கறேன்.

எங்க கோர்ட்ல ஒரு வழக்கம். வழக்கம் என்ன, சட்டமே அதான். சாட்சி சொல்லி முடிச்சதும் டைப் பண்ணத அவனுக்கே படிச்சுக் காட்டணும். மொதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும். எத்தன நேரமானாலும் சரி. அப்புறந்தான் கையெழுத்து வாங்கணும். பிக்பாக்கெட் அடிச்சு மாட்டினவன் நிப்பான், அவனுக்கும் முழுசா படிச்சுக் காட்டுவோம். இவன் திருடன், இவனுக்கு எதுக்கு இவ்ளோ, மனசு கஷ்டப்படுமேன்னு யாரும் நடுவுல ரெண்டு பக்கத்த உருவினதில்ல. நாளைக்கு அங்க ஒரு கையெழுத்து கேப்பாங்கல்ல? என் ஒடம்புக்கு. அத யாரு போடறது? நானா, உங்க மாமாவா? எனக்குப் படிச்சுக் காட்டினது யாரு?

ஐயோ, தலையக் குனியாதீங்க. உங்கள நான் குத்தம் சொல்லல. கண்ணு டாக்டருக்குப் பக்கத்துத் தொழில் பாக்கறவரு, பாஷை புரியும்னுதான் உங்க மாமா உங்களக் கூட கூட்டிட்டுப் போனாரு. போன வாரம் உள்ள நீங்க, அவரு, டாக்டர். எனக்கு வெளிய பெஞ்சு. அம்மா நீங்க காத்தாட உக்காருங்கன்னு நர்ஸ் பொண்ணு தோளத் தொட்டுக் கூட்டிட்டுப் போச்சு. நான் ஒட்டுக் கேக்கல. நல்ல கனமான கதவு, ஒண்ணும் கேக்கவும் இல்ல. சும்மாதான் உக்காந்திருந்தேன். பக்கத்து ரூமுக்கு ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வந்தாங்க. ஊசி போட்டாங்க, அது வீல்னு கத்துச்சு, அதோட அம்மா தட்டிக் குடுத்தா, தேம்புச்சு, அடங்குச்சு, தோள்லயே தூங்கியும் போச்சு. அப்பவும் உங்க கதவு தெறக்கல.

அப்புறம் தெறந்துச்சு. உங்க மாமா வெளிய வந்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுகிட்டே, ஒண்ணுமில்ல, சின்னக் கட்டிதான், மருந்து ஏத்தினா சரியாயிடும்னாரு. அவ்ளோதான். ஒரு வரி.

மாப்பிள்ள, எவ்ளோ நேரம் பேசினா எத்தன பக்கம் வரும்னு எனக்குத் தெரியும். என் பொழப்பே அதான். ஒண்ணுமில்லன்னு சொல்ல அவ்ளோ நேரம் ஆகாது.

கப்ப கீழ வைங்க. நான் அழலியே, நீங்க எதுக்கு?

நாளைக்கு வர்றேன். துணியெல்லாம் நேத்தே எடுத்து வச்சாச்சு, கட்டிலுக்கடியில இருக்கு. ஆனா உள்ள நாந்தான் உக்காருவேன். நீங்களும் அவரும் வெளிய பெஞ்சுல. டாக்டர் சொல்றத மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நானே கேட்டுட்டு, வெளிய வந்து உங்க மாமாவுக்கு எவ்ளோ சொல்லணும்னு நான் பாத்துக்கறேன். அவருக்கு எம்.பி.த்ரீ போதும்.

அப்புறம்... அந்த டிஸ்க்க பையிலேர்ந்து எடுத்து இங்க வச்சிடுங்க. ம். வேணாம்னுதான் சொன்னேன், இப்ப வைங்கங்கறேன். அவரு பல்போட வந்ததும், பிரமாதமா இருக்குன்னு சொல்லிடறேன். ஆறாயிரத்துல ஒண்ணு ரெண்டு லாஸ்லெஸ் சிக்காமயா போயிடும்?

இப்ப நிமிந்து உக்காருங்க. பாட்ட நிறுத்திட்டேன். அவசரம் இல்ல, உங்க வார்த்தையில வேணாம். டாக்டர் சொன்ன வரிசையில, அவரு சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க. நடுவுல எதையும் உருவாதீங்க. கதவச் சாத்தினதும் மொதல்ல என்ன சொன்னாரு?